அழுத்தாத ஊக்கு

எங்கள் அம்மாவின் தாலிக் கயிற்றில் எப்போதும் நாலைந்து ஊக்குகள் தொங்கும். பொட்டுத் தாலியையும் இரண்டு குண்டுமணியையும் விட்டால் அந்தக் கயிற்றில் கனமாக இருந்தவை அந்த ஊக்குகள்தான். ரவிக்கைக் கொக்கி தெறித்தாலோ, பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் என் செருப்பு வார் பிய்ந்தாலோ, தம்பி காலில் முள்ளோடு நொண்டிக்கொண்டு வந்தாலோ அம்மாவின் கை தானாகக் கழுத்துக்குப் போகும். பாவாடை நாடா உருவிக்கொண்டு வந்துவிட்டால் அதன் நுனியில் ஒரு ஊக்கைக் குத்தி, மடிப்புக்குள் விட்டு நகர்த்தி நகர்த்தி மறுபக்கம் எடுக்க வேண்டும். அந்த வேலையை இன்றுவரை வேறெதுவும் இவ்வளவு சுளுவாகச் செய்ததில்லை.

அப்பத்தாவுக்குத் தாலியில் ஊக்கு தொங்குவது பிடிக்காது. “தாலியில இரும்பு தொங்குனா வீட்டுக்கு ஆகாதுன்னு சொன்னா கேக்குறியா?” என்பார். “அவசரத்துக்குக் கைக்கு அகப்படுறது அதானே அத்தை” என்று சொல்லிவிட்டு அம்மா வேலையைப் பார்ப்பார். இத்தனைக்கும் அப்பத்தாவின் சுருக்குப் பைக்குள் வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவே ஒரு டஜன் ஊக்கு வளையத்தோடு கிடக்கும்.

வீடு முழுக்க ஊக்கு இருந்தாலும் அது வெளியே தெரியக் கூடாது. சேலையில் குத்தினால் மடிப்புக்கு உள்பக்கம், தாவணியில் குத்தினால் தோளுக்குப் பின்னால். கொஞ்சம் பளபளத்துவிட்டால் போதும், தெருவில் போகிற யாராவது ஒரு அத்தை நிறுத்தி, “என்னடி, ஊக்கு சிரிக்குது?” என்று கேட்டு, அங்கேயே கழற்றி உள்ளே தள்ளிக் குத்திவிட்டுத்தான் அனுப்புவார்.

அப்படிப்பட்ட வளவுக்குள், 1991 பொங்கல் விடுமுறைக்கு, டெய்லர் மாமாவின் மகள் கை நிறைய ஊக்கோடு வந்து இறங்கினார். நான் அப்போது எட்டாம் வகுப்பு. தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆறு குடித்தனம் இருந்த வளவு எங்களுடையது. அக்கா திருச்சியில் விடுதியில் தங்கி ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஊக்குகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கம்பியிலும் சிவப்பும் வெள்ளையுமாகப் பொடிப் பாசி. கையை மடக்கினால் வரிசை விரியும், நீட்டினால் கூடும். வளவிலிருந்த பெரியவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. “ஒளிச்சு வைக்க வேண்டியதையெல்லாம் எடுத்துக் கையில மாட்டிக்கிட்டு வந்திருக்கா பாரு” என்றார் ஒரு பெரியம்மா. எனக்கும் என் வயதுப் பிள்ளைகளுக்கும் அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே அக்காவின் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டோம். சொல்லித் தருகிறேன், சாமான் நீங்கள்தான் வாங்கி வர வேண்டும் என்றார் அக்கா.

சாமான் வாங்க மதுரையில் வேறு எங்கே போவது? புதுமண்டபம்தான். மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவுக்கென்று திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். எங்கள் காலத்தில் அது முழுக்க முழுக்கக் கடை. தூணுக்குத் தூண் ஒரு வியாபாரம். ஒருபக்கம் தையல் மெஷின்களின் சத்தம், ஒருபக்கம் பாத்திரம், ஒருபக்கம் பாடப் புத்தகம். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்களின் உடைகள் மலைமலையாகத் தைத்துக் குவியும். கல்லில் நாயக்க மன்னர்கள் கும்பிட்டபடி நிற்க, அவர்கள் காலடியில் ஜரிகையும் பொத்தானும் வளையலும் விற்றுக்கொண்டிருப்பார்கள். எண்ணெயும் புதுத் துணியும் கலந்த வாடை. வெயில் நேரத்தில் உள்ளே நுழைந்தால் கல் தரையின் குளிர்ச்சி செருப்பைத் தாண்டி ஏறும்.

பாசிக் கடைக்காரர் பொடிப் பாசியைச் சின்னத் தராசில் நிறுத்துக் கொடுப்பார். ஊக்கு கொத்தாக வரும், கொத்துக்கு ஒரு டஜன், ஒரு ரூபாய். நாலு கொத்துக்கு மேல் எடுத்தால் ஐம்பது காசு குறைப்பார். சின்னப் பிள்ளைகள் என்று ஏமாற்ற மாட்டார், ஆனால் பொறுமையும் கிடையாது. “பார்த்து எடுங்க, கலைச்சுப் போடாதீங்க” என்பது அவர் வாயில் நிற்காமல் ஓடும்.

கலைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எல்லா ஊக்கும் ஊக்கல்ல. திறந்து விட்டால் கம்பி துள்ளி விலக வேண்டும். சோம்பலாக நின்றால் சுருளில் வலு இல்லை என்று அர்த்தம். முனை மழுங்கியிருந்தால் பாசி ஏறாது. தொப்பி கோணியிருந்தால் பூட்டாது. டெய்லர் மாமாவிடம் கீழே சிந்திய குண்டூசி பொறுக்க ஒரு காந்தம் இருந்தது. அதில் ஒட்டுவது இரும்பு, ஒட்டாதது பித்தளை. பித்தளை விலை கூடுதல், துருப் பிடிக்காது, ஆனால் சீக்கிரம் வளையும். பாசியிலும் இப்படித்தான். பிளாஸ்டிக் பாசிக்கு எடை இல்லை, ஓரத்தில் அச்சின் தழும்பு இருக்கும். கண்ணாடிப் பாசியைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். சாயம் போட்டதா என்று பார்க்க, எச்சில் தொட்டு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்ப்போம். உள்ளே வெள்ளிப்பூச்சு மின்னுகிற பாசிதான் எல்லாருக்கும் ஆசை. மதுரை வேர்வையில் அது கொஞ்ச நாளில் கறுத்துவிடும் என்று அக்கா எச்சரித்தார். ஆசைப்பட்டவர்கள் வாங்கினார்கள், கறுத்தது.

இனி வேலை. பழைய பனியனைத் தரையில் விரித்து அதன்மேல் பாசியைக் கொட்டிக்கொள்ள வேண்டும், உருளாது. ஒரே நிறமாகக் கோர்ப்பதென்றால் பவுடர் டப்பா மூடியில் பாசியைப் பரப்பி, திறந்த ஊக்கின் முனையை உள்ளே விட்டுத் துழாவினால் இரண்டும் மூன்றுமாகத் தாமே ஏறிவிடும். அங்குல நீள ஊக்கில் எட்டுப் பாசி பிடிக்கும், பாசி ரொம்பப் பொடி என்றால் பத்துக்கு மேலேயும் போகும். கடைசியில் ஒரு பாசி இடம் விட வேண்டும். இடம் இருக்கிறதே என்று இன்னொன்றைத் திணித்தால் தொப்பி பூட்டாது. பலவந்தமாகப் பூட்டினால் “டிக்” என்று ஒரு சத்தம் கேட்கும், கண்ணாடி உடைந்திருக்கும்.

கோர்த்த ஊக்குகளை எலாஸ்டிக்கில் சேர்ப்பதுதான் வித்தை. ஊக்கின் ஒரு கோடியில் சுருள், அதில் ஓட்டை உண்டு. மறுகோடியில் தொப்பி, அதற்குள்ளும் எலாஸ்டிக் நுழைய இடம் உண்டு. மேலே ஒரு எலாஸ்டிக், கீழே ஒரு எலாஸ்டிக். ஆனால் தொப்பி தடிமன், சுருள் ஒல்லி. எல்லா ஊக்கையும் தொப்பி ஒரே பக்கம் இருக்கிற மாதிரி கோர்த்தால் அந்தப் பக்கம் அகன்று, இந்தப் பக்கம் குறுகி, முழு வரிசையும் விசிறிபோல விரிந்துவிடும். கழுத்துக்கு அட்டிகை செய்ய அதுதான் வேண்டும், தொப்பிகள் கீழ்ப்பக்கம் வர அழகாக மார்பில் படியும். கைக்கு அது உதவாது. ஒரு ஊக்கு தலை மேலே, அடுத்தது தலை கீழே என்று மாற்றி மாற்றிப் போட்டால்தான் பட்டை நேராக நிற்கும். ஒவ்வொரு ஊக்குக்கும் நடுவே ஒரு பாசி விட்டால் மூன்று டஜனில் ஒரு கை முடிந்துவிடும். நடுப்பாசி இல்லாமல் நெருக்கிக் கோர்த்தால் ஐந்து டஜன் கேட்கும். செலவுக்குப் பயந்து முதலில் எல்லாரும் நடுப்பாசி விட்டுத்தான் செய்தோம். அப்படிச் செய்ததில் பூ போட்டால் பூ தெரியாது, புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடக்கும். உருவம் வேண்டுமானால் நெருக்கித்தான் ஆக வேண்டும்.

உருவம் என்று வந்ததும் அடுத்த சிக்கல். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பூவை வரைந்து, ஒரு செங்குத்து வரிசைக்கு ஒரு ஊக்கு என்று வைத்துக்கொள்வோம். தலைகீழாக நிற்கிற ஊக்குக்குப் பாசியையும் தலைகீழாகத்தான் ஏற்ற வேண்டும், ஏனென்றால் முதலில் ஏறுகிற பாசி எப்போதும் சுருள் பக்கம் போய் உட்காரும். ஆகவே ஒற்றைப்படை ஊக்குக்குக் கீழிருந்து மேலாகவும், இரட்டைப்படை ஊக்குக்கு மேலிருந்து கீழாகவும் படிக்க வேண்டும். இதுவரை சரி. ஆனாலும் பூ சப்பையாகவே வந்தது. நோட்டில் கட்டம் சதுரம், ஊக்கு வரிசையிலோ அகலம் கூட, உயரம் குறைவு. போதாததற்குத் தொப்பி சுருளைவிட நீளம் என்பதால், ஒன்றுவிட்ட வரிசைகள் அரைப் பாசி ஏறியும் இறங்கியும் நின்றன. கோடு போட்டால் பல் பல்லாகத் தெரிந்தது. அக்காவாலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை.

வழி சொன்னது அம்மா. அரிசி களைந்துகொண்டே எட்டிப் பார்த்தவர், “நேர்ப்புள்ளிக் கோலத்தை இதுல போட்டா எப்படிடி வரும்? இது சந்துப்புள்ளியால்ல நிக்குது” என்றார். எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்துக் காட்டினார். ஒரு புள்ளிக்கு நேராக அடுத்த புள்ளி வந்தால் நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிக்கு நடுச்சந்தில் வந்தால் சந்துப்புள்ளி. தொப்பியும் சுருளும் மாறி மாறி வருவதால் எங்கள் பாசிகள் தாமாகவே சந்துப்புள்ளியில்தான் நின்றுகொண்டிருந்தன. சந்துப்புள்ளியில் சாய்கோடும் வைரமும் நட்சத்திரமும் அச்சாக விழும். அன்றிலிருந்து கணக்கு நோட்டை மூடிவிட்டு, அம்மாவின் மார்கழிக் கோல நோட்டைத் திறந்தோம். ஆறு வரிசையில் ஒரு வைரம், அடுத்த ஆறில் இன்னொன்று. வளவில் எங்கள் வளையலைப் பார்த்துச் சிரித்த பெரியம்மாவே, “அந்தத் தாமரையைப் போட்டுப் பாருங்கடி” என்று தன் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கோர்ப்பதை அக்காவிடம் கற்றேன். பூட்டுவதை இன்னொருவரிடம் கற்றேன். அம்மன் சன்னதித் தெருவில் நரிக்குறவப் பெண்கள் துணி விரித்துப் பாசிமாலை விற்பார்கள். விற்றுக்கொண்டே செய்துகொண்டும் இருப்பார்கள். மடியில் குழந்தை, கையில் மூக்குக் குறடு, பக்கத்தில் கம்பிச் சுருள். பார்வை நம் முகத்தில் இருக்க, விரல்கள் தம் போக்கில் கம்பியை வளைத்து, வளையமாக்கி, அடுத்த வளையத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் அப்படி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அதில் வயதான அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து வளையலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு ஊக்கை நகத்தால் நெம்பினார், திறந்துகொண்டது, பாசி சிதறியது. “தலையை அழுத்தலையே சாமி. இது குத்தும்” என்றார்.

பிறகு அழுத்திக் காட்டினார். குறட்டின் வாயில் ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டார், முலாம் கீறாமலிருக்க. தொப்பியை நடுவில் பிடித்தால் நசுங்கி அசிங்கமாகிவிடும். இரண்டு ஓரத்தையும் பிடித்து மெதுவாக ஒரு அழுத்து. கம்பி அதற்குள் சிக்கிக்கொள்ளும், பிறகு ஆயுசுக்கும் திறக்காது. பத்துப் பதினைந்து ஊக்கை அந்த அம்மாவே அழுத்திக் கொடுத்துவிட்டு, காசு நீட்டியபோது வாங்கவில்லை. ஒரு மாலை வாங்கிக்கொண்டு போ என்றார். வாங்கினேன். தெருவோரத்தில் அவர்களிடம் பேரம் பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறட்டின் பிடிதான் கண்ணில் நிற்கும். அந்தக் கைவேலைக்கு எந்தப் பள்ளியிலும் சான்றிதழ் கிடையாது. பழங்குடியினர் பட்டியலில் தங்களைச் சேர்க்கச் சொல்லிப் பல ஆண்டுகள் கேட்டு, அந்த மக்கள் அதில் சேர்க்கப்பட்டதே 2023-இல்தான்.

அழுத்தும் வித்தை தெரிந்ததும் வளையல் முழுவதையும் அழுத்தித் தீர்த்தோம். அக்கா அடுத்த விடுமுறைக்கு வந்தபோது பார்த்துவிட்டு, “ஒன்னை மட்டும் விட்டு வைங்கடி” என்றார். எலாஸ்டிக்கின் முடிச்சு விழுகிற இடத்தில், பாசி ஏதும் இல்லாத வெறும் ஊக்கு ஒன்றை இரண்டு எலாஸ்டிக்கையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி மாட்டினார். முடிச்சும் மறைந்தது, முடிச்சு நழுவினாலும் ஊக்கு பிடித்துக்கொள்ளும். அது மட்டும் அழுத்தாத ஊக்கு. மணிக்கட்டின் உள்பக்கம் வரும், பாசி இல்லாததால் விரல் தடவினாலே தெரியும், ஒரு நொடியில் கழற்றிவிடலாம். “பஸ்ல போறப்ப புரியும்” என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு அப்போதே புரிந்துதான் இருந்தது.

மதுரையில் டவுன் பஸ்ஸில் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போன எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பெரியார் பஸ் நிலையத்தில் ஏறும்போதே கூட்டம். ஒரு கை கம்பியில், ஒரு கை புத்தகப் பையில். பின்னால் நிற்கிறவனுக்கு அது வசதி. நகர்ந்து நிற்க இடமிருக்காது, சத்தம் போட்டால் பார்க்கிறவர்கள் நம்மைத்தான் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் அந்த வெறும் ஊக்கைக் கழற்றிப் பின்பக்கமாக ஒரு குத்து குத்தினேன். “அம்மா!” என்று அவன் போட்ட சத்தத்தில் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். என்ன, என்ன என்று எல்லாரும் திரும்பினார்கள். ஊக்கு குத்தியது என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்? அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டான். பக்கத்தில் கூடையோடு நின்ற ஒரு அம்மா என் கையைப் பார்த்தார், வளையலைப் பார்த்தார், “எங்க வாங்குன?” என்று கேட்டார். விற்பனைக்கு அதைவிட நல்ல விளம்பரம் எனக்குக் கிடைத்ததில்லை.

விற்பனை என்று சொல்லிவிட்டேன். ஆமாம், விற்றோம். நெருக்கிக் கோர்த்தது பதினைந்து ரூபாய், நடுப்பாசி விட்டது பத்து. பள்ளியில் கண்ணாடி வளையலைத் தவிர வேறு நகை கூடாது என்று விதி. இது நகையா வளையலா என்று ஆசிரியைகளுக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்து, கடைசியில் சனிக்கிழமை மட்டும் போடலாம் என்று தீர்ப்பானது. சனிக்கிழமை எங்களுக்கு அரைநாள். அந்த அரைநாளில் நாங்கள் வாங்கிய ஆர்டர் மிச்ச வாரம் முழுக்கக் கோர்க்கப் போதும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் ஓடும்போது பாட்டைக் கேட்போமே தவிரப் படத்தைப் பார்க்க மாட்டோம், கண் பாசியில் இருக்கும். அந்தக் காசில்தான் டைப்ரைட்டிங் லோயருக்கு ஃபீஸ் கட்டினேன். வீட்டில் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள். கேட்காமல் கட்டியதில் ஒரு மிதப்பு.

பெரிய ஆர்டர் என்று வந்தது 1997 ஆகஸ்டில். சுதந்திரத்தின் பொன்விழா. ஊரெல்லாம் மூவர்ணம். நான் கல்லூரியில் இருந்தேன். காகிதக் கொடியைக் குண்டூசியால் குத்திக்கொள்வதற்குப் பதிலாக ஊக்கிலேயே கொடி செய்தால் என்ன என்று ஒரு தோழி கேட்டாள். சின்ன ஊக்கு ஐந்து எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று காவி, மூன்று வெள்ளை, மூன்று பச்சை. நடு ஊக்கில் மட்டும் நடு வெள்ளைக்குப் பதிலாக ஒரு நீலம், அது சக்கரம். இந்த ஐந்தையும் ஒரு பெரிய ஊக்கில் தொங்கவிட வேண்டும். திறக்கிற கம்பியில் தொங்கவிட்டால் சட்டையில் குத்த வழியில்லை. அதனால் பெரிய ஊக்கின் சுருளைக் கத்தி முனையால் லேசாக விரித்து, சின்ன ஊக்குகளை ஒவ்வொன்றாக அந்தச் சுருளைச் சுற்றி ஓட்டி, அசையாத மறுகம்பிக்குத் தள்ள வேண்டும். சொல்ல ஒரு வரி, செய்யும்போது நகக்கண் பிய்ந்துவிடும். காவிப் பாசி முதலில் ஏற வேண்டும், அப்போதுதான் தொங்கும்போது மேலே வரும். மறந்து பச்சையை முதலில் ஏற்றியவர்களுக்குக் கொடி தலைகீழ். அந்த மாதம் புதுமண்டபத்தில் காவிப் பாசிக்குப் பஞ்சமே வந்துவிட்டது. பவழ நிறத்தை வைத்துச் சமாளிக்கலாமா என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை, கொடியில் போய்ச் சமாளிப்பு என்ன?

இந்த நகையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரும்பு ஊக்கின் நிக்கல் முலாம் வேர்வையில் உரிந்து, மணிக்கட்டில் கறுப்பு வளையம் விழும். சிலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது. அரிப்பெடுத்துச் சிவந்து கொப்புளம்கூட வரும். எங்கள் வளவிலேயே ஒரு பெண்ணுக்கு அப்படி வந்து, அம்மை என்று வேப்பிலையெல்லாம் கட்டிவிட்டார்கள். அப்புறம்தான் வளையல் விழுந்த தடத்தில் மட்டும் இருக்கிறதே என்று பார்த்தார்கள். நிறமில்லாத நகப்பூச்சை உள்பக்கம் தடவினால் கொஞ்ச நாள் தாங்கும். எலாஸ்டிக் எண்ணெய் பட்டுப் பட்டு ஆறேழு மாதத்தில் தொய்ந்துவிடும். அதைப் பிரித்துப் புது எலாஸ்டிக்கில் திரும்பக் கோர்ப்பது, முதலில் செய்வதைவிடச் சலிப்பான வேலை. 90-களின் கடைசியில் நட்புக் கயிறுகள் வந்து கடைகளை நிறைத்தபோது ஊக்கு வளையல் மெல்ல நின்றுபோனதற்கு இந்தச் சலிப்பும் ஒரு காரணம்.

புதுமண்டபத்துக் கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான். சிற்பங்களை அண்ணாந்து பார்க்க இனி இடம் கிடைக்கும். எனக்கு என்னவோ ஜரிகை தொங்காத அந்தத் தூண்களைப் பார்த்தால் யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு போன மாதிரிதான் இருக்கிறது. அங்கிருந்து 12 கிலோமீட்டரில் கீழடி. 2023-இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு உறவுக்காரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர்கள் பானை ஓட்டில் கீறிய எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கண்ணாடி மணிகளும் சூதுபவள மணிகளும் இருந்த பெட்டியை விட்டு நகரவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய மணியாக இருந்தாலும் என் கண் போனது துளைக்குத்தான், ஊக்கு நுழையுமா என்று. கண்ணாடியை உருக்கிக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்குகிற முறையில் அரிக்கமேட்டில் மணி செய்திருக்கிறார்கள். அதே இழுப்பு முறை திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை வந்திருக்கிறது. ஆக, எங்கள் பொடிப் பாசிக்கு வயது ரொம்ப அதிகம்.

ஊக்குக்கு அவ்வளவு வயதில்லை. மேலாடையைப் பிணைக்க ரோமானியர்கள் அதன் சாயலில் ஒன்றைக் குத்திக்கொண்டிருந்தாலும், நம் கையிலிருக்கும் இந்தச் சுருளும் தொப்பியும் சேர்ந்த வடிவத்துக்கு 1849 ஏப்ரல் 10-ஆம் தேதி காப்புரிமை வாங்கியவர் அமெரிக்கரான வால்டர் ஹன்ட். 15 டாலர் கடனை அடைக்க வேண்டியிருந்தது. கம்பியை முறுக்கி முறுக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடித்து, உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். அதற்கு முன்னாலேயே ஒரு தையல் மெஷினைச் செய்துவிட்டுக் காப்புரிமை வாங்காமல் விட்டவரும் அவர்தான். இதை டெய்லர் மாமாவிடம் சொன்னபோது, “மெஷினையும் விட்டுட்டான், ஊக்கையும் வித்துட்டான், நம்மள மாதிரி ஆளுதான் போல” என்றார்.

இந்தப் பழைய வேலையை யாராவது இப்போது செய்து பார்க்க நினைத்தால் ஒன்றிரண்டு சொல்லிவைக்கிறேன். இணையத்தில் வருகிற பாசி டப்பாக்களை நம்ப வேண்டாம், பாதி பிளாஸ்டிக். கடைக்குப் போய்க் கன்னத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். காசு கூடினாலும் பித்தளை ஊக்காக எடுங்கள், நிக்கல் முலாம் இல்லாததா என்று கேட்டு எடுங்கள். எலாஸ்டிக்கை இரட்டையாகப் போடுங்கள், முடிச்சின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு என்றால் ஒன்று விடாமல் எல்லாத் தொப்பியையும் குறடால் அழுத்திவிடுங்கள். பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு என்றால் ஒன்றை மட்டும் அழுத்தாமல் விடுங்கள்.